புஷ்பம் அண்ணி கேட்ட ஆறரை மணி நேரம்

மரியபுஷ்பம் அண்ணி காலமான செய்தி எனக்குக் கோலாலம்பூரில் கிடைத்தது. காலை வியாபாரத்துக்காக உணவகத்தின் கல்லாவைத் திறந்துகொண்டிருந்தபோது அவருடைய மகள் ஜெனி கூப்பிட்டாள். "சித்தப்பா, அம்மா பூட்டாங்க" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் போனை வாங்கி விவரம் சொன்னார். முந்தின நாள் நடவுக்குப் போய்விட்டு வந்தவர், மார்பை அடைக்கிறது என்று வாசலில் உட்கார்ந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் செங்கல்பட்டு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முதலாளியிடம் சொல்லிவிட்டு அன்றே கிடைத்த விமானத்தில் ஏறினேன். கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் ஏறக்குறைய இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். நான்கு மணி நேரப் பறப்பு. இத்தனை வருடங்களில் எத்தனையோ முறை போய்வந்த வழி அது. இந்த முறை போல அது எனக்கு நீண்டதில்லை. அந்த நேரம் முழுவதும் அண்ணியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவரை அறிந்தவர்கள் அவருடைய ஊரான காவாந்தண்டலத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர் கோலாலம்பூரில் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். அதனால் இதை எழுத வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.

நான் தாமல்காரன். பெயர் தாமோதரன். தமிழில் பட்டம் வாங்கிவிட்டு, அதைக் கொண்டு உள்ளூரில் பிழைக்க வழி தெரியாமல், கோலாலம்பூரில் ஓர் உணவகத்தில் கல்லாவில் உட்கார்ந்தவன். அங்கே பரோட்டா மாஸ்டராக இருந்தவர் காவாந்தண்டலத்து சூசைராஜ் அண்ணன். நானும் அவரும் இன்னும் மூன்று பேரும் கடை மாடியில் ஒரே அறையில் இருந்தோம். காஞ்சிபுரத்துக்கு மேற்கே நான், தெற்கே அவர். அயலூரில் அது ஒரே தெரு மாதிரி. அவர் எனக்கு அண்ணன் ஆனார். அவர் மனைவி அண்ணி ஆனார்.

அண்ணியைப் பல வருடங்கள் நான் குரலாகத்தான் அறிந்திருந்தேன். அண்ணன் போனைக் காதில் வைக்காமல் ஒரு சாண் தள்ளியே பிடித்திருப்பார். அப்படியிருந்தும் எங்கள் நான்கு பேருக்கும் எல்லாம் கேட்கும். வயலில் வரப்புக்கு வரப்பு பேசிப் பழகிய குரல். களை எடுப்பது, நாற்று நடுவது, வேலை இல்லாத நாளில் ஏரி வேலை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். மகளை நர்சிங் படிக்க வைப்பது என்று அவள் ஆறாவது படிக்கும்போதே முடிவு செய்துவிட்டவர்.

ஒருநாள் காலை அண்ணன் மாவு பிசைந்துகொண்டிருந்தார். திடீரென்று வலது கை தளர்ந்து மாவிலேயே கிடந்தது. என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் மட்டும் வந்தது. அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம் என்றார்கள் மருத்துவமனையில். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வலது பக்கம் முழுவதும் செயலற்றுவிட்டது. பேச்சும் போய்விட்டது.

ஊருக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு என்னுடையது. எப்படிச் சொல்வது என்று நெடுநேரம் யோசித்துவிட்டுக் கூப்பிட்டேன். நான் சொன்னதை அண்ணி குறுக்கிடாமல் கேட்டார்.

"உயிரு கீதா தாமு?"

"கீது அண்ணி."

"கண்ணு முழிச்சாரா?"

"முழிச்சாரு. நம்மள அடையாளம் தெரியுது. பேச்சுதான் வரல."

"அப்ப நான் வரேன்."

"அண்ணி, உங்ககிட்ட பாஸ்போர்ட்டே இல்ல."

"எடுக்கறேன். எவ்ளோ தூரம்?"

"ரெண்டாயிரத்தி அறுநூறு கிலோமீட்டர் இருக்கும்."

"கிலோமீட்டரு எனக்கு இன்னாத்துக்கு? எத்தினி நேரம் ஆவும், அத சொல்லு."

"நாலு மணி நேரம்."

"அவ்ளோதானா? நம்ம வூட்லருந்து மெட்ராஸ் ஏர்போர்ட்டு போவவே மூணு மணி நேரம் ஆவுதே" என்றார்.

அண்ணனின் உறவினர்கள் அவரைத் தடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பாஷை தெரியாத ஊருக்கு ஒரு பெண் தனியாகப் போவதா, ஆண்கள் யாராவது போகட்டும் என்று பேசியிருக்கிறார்கள். "யாரு போறீங்க? சொல்லுங்க, அவருக்கே பாஸ்போர்ட்டு எடுக்கலாம்" என்று அண்ணி கேட்டாராம். அடுத்த நாளே ஜெனியை அழைத்துக்கொண்டு காஞ்சிபுரம் போனார். ரேஷன் அட்டையில் புஷ்பா, ஆதாரில் மரியபுஷ்பம். அதைத் திருத்துவதற்கே பலமுறை அலைய வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து எனக்குக் கூப்பிடுவார். "இன்னிக்கும் ஆவல. நாளைக்கு மறுபடியும் போவேன். அவுருகிட்ட, வந்துக்கினே கீறான்னு சொல்லு." நான் அண்ணனின் காதருகே குனிந்து அதையே சொல்வேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அண்ணி வந்து இறங்கிய விடியற்காலையில் விமான நிலையத்தில் காத்திருந்தேன். வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "இன்னா தாமு, நாலு மணி நேரம்னு சொன்ன? ஆறரை மணி நேரம் ஆயிட்ச்சி. ஏறச்சொல்லோ மணி பாத்தேன், பத்து. இங்க எறங்கி செவுத்துல கீற கடியாரத்த பாத்தா நாலரை. ராத்திரி முச்சூடும் பறந்துக்கினு இருந்தேன்."

இந்த ஊர்க் கடிகாரம் நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பையைத் தோளில் மாற்றிக்கொண்டு, "ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?" என்றார்.

வார்டில் அண்ணன் அவரைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஒரு பக்க முகம் மட்டுமே அழுதது. அண்ணி அழவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"இன்னாயா, தாடிலாம் உட்டுக்கினு? சாமியாரா பூட்டியா? நான் இட்டுக்கினு போவத்தான் வந்துக்கீறேன். அழுவாத."

இட்டுக்கொண்டு போவது அத்தனை எளிதாக இல்லை. சில நாட்களில் அண்ணனை மருத்துவமனையிலிருந்து எங்கள் அறைக்கே அனுப்பிவிட்டார்கள். நானும் அண்ணியும் விமான நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் பொறுமையாகவே விளக்கினாள். படுத்த நிலையில் வருபவருக்குப் பல இருக்கைகளை எடுத்துக் கட்டில் பொருத்த வேண்டும்; கூடவே மருத்துவர் அல்லது செவிலியர் வர வேண்டும். அது எங்கள் யாருக்கும் எட்டாத காரியம். மற்றவர்களைப்போல நிமிர்ந்து உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டு வர முடியும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், சாதாரண இருக்கையிலேயே அழைத்துப் போகலாம்.

நான் தமிழில் சொல்லி முடித்தேன். அண்ணனால் அப்போது தலையணைச் சாய்மானம் இல்லாமல் கொஞ்ச நேரம்கூட உட்கார முடியாது. வலது பக்கம் அப்படியே சரிந்துவிடுவார்.

"குந்தினா போதுமா?" என்று கேட்டார் அண்ணி.

"போதும்னுதான் சொல்றாங்க."

"நடக்கத் தேவல?"

"தேவல. சக்கர நாற்காலி குடுப்பாங்க."

"அப்ப குந்த வைக்கறேன். வா போலாம்."

எங்கள் அறையிலிருந்த நான்கு ஆண்களும் சாமான் அறைக்கு இடம்பெயர்ந்தோம். அண்ணி ஜன்னல் கம்பியிலிருந்து கதவு வரை ஒரு புடவையைக் கட்டி மறைப்பு உண்டாக்கினார். பிறகு விமானத்தின் உட்புறம் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். தானே வந்திருந்தாலும், வரும்போது சீட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியே உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். சீட்டு எவ்வளவு அகலம், காலை நீட்ட முடியுமா, முன்னால் என்ன இருக்கும். கேட்டுவிட்டு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுவரோரம் நெருக்கிப் போட்டார். முழங்கால் இடிக்கும் தூரத்தில் அரிசி மூட்டைகளை அடுக்கச் சொன்னார். அதுதான் முன் சீட்டு. ஒரு துண்டை அண்ணனின் இடுப்பைச் சுற்றி நாற்காலியோடு கட்டினார். அது பெல்ட். பக்கத்து நாற்காலியில் தானும் உட்கார்ந்து, இன்னொரு துண்டை எடுத்துத் தன் இடுப்பிலும் கட்டிக்கொண்டார்.

"ஆறரை மணி நேரம் குந்தணும்யா. தெனம் கொஞ்சம் கொஞ்சமா" என்றார் அண்ணனிடம்.

முதல் நாள் ஒரு தேநீர் ஆறும் நேரம்கூட ஆகவில்லை. அண்ணன் அவர் தோளில் சாய்ந்துவிட்டார். அடுத்த நாளும் அப்படித்தான். வாரம் இருமுறை உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த லெட்சுமி என்ற மலேசியத் தமிழ்ப் பெண், "மெதுவா செய்யுங்க கா. ரொம்ப அவசரப்பட்டா அண்ணனுக்கு வலிக்கும் லா" என்று எச்சரித்தார். அண்ணி அவரிடம் முதுகுக்கு எங்கே முட்டுக் கொடுப்பது, காலை எப்படி ஊன்ற வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். அவசரப்படவில்லை, ஆனால் ஒருநாளும் விடவுமில்லை.

சும்மா உட்கார்ந்திருப்பது அண்ணனுக்குத் தாங்கவில்லை. அதற்கு அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஊரிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போவார்கள். அண்ணிதான் கண்டக்டர். "காவாந்தண்டலம் ஏறு ஏறு. சில்லறயா வச்சிக்க. மாகரல் வந்திட்ச்சி, மாகரல்லாம் எறங்கு." நடுவில் யார் ஏறினார்கள், கூடையில் என்ன கொண்டுவந்தார்கள், எவன் படியில் தொங்குகிறான் என்று எல்லாம் சொல்வார். காஞ்சிபுரம், சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி. கல்லாவை மூடிவிட்டு மேலே வரும்போது நானும் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து கேட்பேன்.

ஒரு மாலை அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, மாகரலைத் தாண்டியதும் அண்ணி நேராகக் "காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு" என்றார். அண்ணன் இடது கையால் அவர் முழங்கையைத் தட்டினார். வாய் கோணிக்கொண்டு எதையோ தேடியது.

"இன்னாயா? தண்ணி வோணுமா?"

அண்ணன் இல்லையென்று தலையாட்டினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"ஓ... ஓரி... ஓரிக்க."

ஓரிக்கை. காஞ்சிபுரத்துக்கு முந்தின நிறுத்தம். விழுந்த நாள் முதலாய் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். அண்ணி குரலை உயர்த்தி, "ஓரிக்க! ஓரிக்கலாம் எறங்கு!" என்று கத்தினார். கீழே சமையற்கட்டிலிருந்து என்னவோ ஏதோ என்று ஆட்கள் ஓடி வந்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் ஏறுமுகமாக இருந்தது என்று எழுத ஆசை. அப்படி நடக்கவில்லை. மூன்று மணி நேரத்தை நெருங்கிய சமயத்தில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்தபோது பாதி பலம் போயிருந்தது. மறுபடியும் முதலிலிருந்து. ஒரு மத்தியானம் துண்டைக் கட்ட வந்த அண்ணியை இடது கையால் தள்ளிவிட்டார். மூட்டையைக் காலால் உதைத்தார். பிறகு தன் மார்பைத் தொட்டு, தரையைக் காட்டினார். நான் இங்கேயே கிடந்து சாகிறேன் என்பது எங்கள் இருவருக்கும் புரிந்தது.

அண்ணிக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"சாவறதுன்னா ஊர்ல வந்து சாவு. நான் வேணான்னு சொல்லல. உன்ன இங்க உட்டுட்டு நான் மட்டும் போயி ஜெனி முன்னாடி எந்த மூஞ்சிய வச்சிக்கினு நிப்பேன்? உன்ன இட்டுக்கினுதான் போவேன். இன்னிக்கி ஆவலன்னா நாளைக்கி. நாளைக்கி ஆவலன்னா அடுத்த மாசம். எனக்கு இன்னா, குந்திக்கினுதான கீறேன்?"

சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். கடையின் பின்பக்கக் குழாயடியில் நின்று, யாரும் சொல்லாமலே அண்டாக்களைத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே அழுதார். நான் பார்த்ததை அவர் பார்த்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு, "கண்ணுல சோப்பு பட்டுட்ச்சி" என்றபடி மாடிக்குப் போனார். நான் போய்ப் பார்த்தபோது அண்ணன் துண்டின் ஒரு முனையைத் தன் இடது கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

கடிகாரக் கணக்கு அண்ணிக்குப் புரிந்தது இதற்கும் பிறகுதான். ஒருநாள் ஜெனி வீடியோவில் வந்தாள். இங்கே விளக்கு போட்டாகிவிட்டது. அவள் முகத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணி ஜன்னலைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பேசி முடித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ சொன்னது சரிதான் தாமு. நாலு மணி நேரந்தான்."

"ஆமா அண்ணி. இப்பவே அண்ணன் நாலு மணி நேரம் ஒக்காரறாரே. டாக்டர பாக்கலாமா?"

"இரு. அவுருகிட்ட சொல்லிடாத. ஆறரைன்னே இருக்கட்டும்."

"எதுக்கு அண்ணி?"

"நாலுன்னா நாலுதான் குந்துவாரு. வழில எதுனா லேட்டாச்சின்னா? ஏர்போர்ட்டுல குந்திக்கினு இருக்கறதெல்லாம் எங்க போவும்? ஆறரை குந்தட்டும், அப்பால போலாம்."

ஆறரை மணி நேரம் உட்கார்ந்த மறுநாள் மருத்துவரிடம் போனோம். அவர் அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மற்ற நோயாளிகளைக் கவனித்தார். திரும்பி வந்தபோதும் அண்ணன் அப்படியே உட்கார்ந்திருந்தார். மருத்துவர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு அதே விமானத்தில் கிளம்பினேன். விமான நிலையத்தில் ஓர் அதிகாரி சான்றிதழைப் பார்த்த பிறகும் தயங்கினார். வழியில் முடியாமல் போனால் என்ன செய்வது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் மொழிபெயர்த்ததும் அண்ணி, "இங்கியே குந்தறோம். எவ்ளோ நேரம் வோணும்னாலும் பாத்துக்கினு இருக்கச் சொல்லு" என்றார். அதிகாரிக்கு வார்த்தை புரிந்திருக்காது. அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

அண்ணனுக்கு வெள்ளைச் சட்டையும் வேட்டியும் உடுத்திவிட்டிருந்தோம். ஊரிலிருந்து வரும்போதே அண்ணி எடுத்துவந்தவை. ஜன்னலோரம் அவர், நடுவில் அண்ணி, அடுத்து நான். நான்கு மணி நேரம் ஒரு குறையும் இல்லாமல் போனது. சென்னைக்கு மேல் வந்ததும் விமானம் வட்டமடிக்க ஆரம்பித்தது. கீழே பெருமழை. வட்டமடித்து வட்டமடித்து, கடைசியில் பெங்களூருக்குத் திருப்பிவிடுவதாக அறிவித்தார்கள். பெங்களூரில் இறங்கியும் யாரையும் வெளியே விடவில்லை. மழை விடும்வரை இருக்கையிலேயே காத்திருக்க வேண்டும். பயணிகள் எழுந்து நின்று சத்தம் போட்டார்கள். குழந்தைகள் அழுதன. எனக்கே முதுகு பிடித்துக்கொண்டது. நான் அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் வியர்வை. வலது தோள் மெல்ல இறங்கியது. அண்ணி தன் தோளை அதன் கீழே கொடுத்தார்.

"எங்க... கீறோம்?" என்று குழறலாகக் கேட்டார் அண்ணன்.

"பூந்தமல்லி தாண்டிட்டோம்யா. கொஞ்சம் டிராபிக்கு" என்றார் அண்ணி.

அண்ணன் பாதி வாயால் சிரித்தார். தோளை மறுபடியும் நிமிர்த்தினார். இன்னும் ஆறரை ஆகவில்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் அது எப்போதோ கடந்துவிட்டிருந்தது. இருட்டிய பிறகு சென்னையில் இறங்கினோம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கூட்டத்தில் நின்ற ஜெனி, சக்கர நாற்காலியில் நிமிர்ந்து வந்த அப்பாவைப் பார்த்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிந்தைய கதை ஊருக்குத் தெரியும். அண்ணி வாரம் தவறாமல் அவரைக் காஞ்சிபுரம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அண்ணன் கோல் ஊன்றி எழுந்தார். வாசலில் ஒரு சின்னக் கடை போட்டு உட்கார்ந்தார். பேச்சும் முக்கால்வாசி திரும்பியது. அண்ணி பழையபடி நடவுக்கும் களைக்கும் போனார். சாலவாக்கம் பக்கத்து அம்மாள் ஒருவர், வெளிநாட்டில் விபத்தில் மாட்டிக்கொண்ட மகனைப் பற்றி அழுதுகொண்டு வந்தபோது நான் விடுமுறையில் அங்கே இருந்தேன். அண்ணி அவருக்கு நாஷ்டா கொடுத்துச் சாப்பிட வைத்தார். பிறகு, "அழுதா ஒண்ணும் ஆவாது. பாஸ்போர்ட்டு கீதா? மொதல்ல அத எடு. காஞ்சீவரம் நானே கூட வரேன்" என்றார். சொன்னபடி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் வந்தார்.

ஜெனி இப்போது நர்சிங் கடைசி வருடம். அவள் வெள்ளை உடுப்பில் வேலைக்குப் போவதைப் பார்க்க அண்ணி இருந்திருக்க வேண்டும். அது எனக்கு ஆறாத வருத்தம்.

நான் காவாந்தண்டலம் போய்ச் சேர்ந்தபோது அந்தி சாய்ந்திருந்தது. அடக்கம் மறுநாள் காலையில். சூசை அண்ணன் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவசரப்பட்டுட்டா தாமு" என்று மட்டும் சொன்னார்.

காலையில் மாதா கோயிலில் பூசை முடிந்து, கல்லறைக்குக் கிளம்பும்போது அண்ணனுக்காக ஓர் ஆட்டோ கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஊரின் கடைசியில் இருக்கிறது கல்லறைத் தோட்டம். மண் பாதை, மழையில் குழம்பிக் கிடந்தது. அண்ணன் ஆட்டோவைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தார்.

"நடக்கறேன்."

"முடியாதுண்ணா, வழி மோசமா கீது" என்றார் ஒருவர்.

"நடக்கறேன்" என்றார் மறுபடியும். கோலை ஊன்றி இறங்கிவிட்டார்.

ஜெனி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எங்கள் கையை அவர் பிடித்துக்கொள்ளவில்லை. இடது காலை வைத்து, வலது காலை இழுத்து, நின்று, மறுபடியும் வைத்தார். பெட்டியைச் சுமந்தவர்கள் சற்று முன்னே போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நின்றார்கள். அவர் வந்து சேர்ந்ததும் சின்ன அடிகளாக வைத்து நடந்தார்கள். பாட்டுப் பாடியவர்கள் பாட்டை இழுத்துப் பாடினார்கள். பங்குச் சாமியார் நின்று நின்று வந்தார். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வழியில் டிராக்டர் ஓட்டி வந்தவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். அந்தக் காலையில் காவாந்தண்டலம் முழுவதும் சூசை அண்ணன் நடக்கும் வேகத்தில் நடந்தது.

அண்ணி, உங்கள் மனிதர் உங்களைக் கடைசி வரைக்கும் தன் காலாலேயே நடந்து வந்து வழியனுப்பினார். நிம்மதியாகப் போய் வாருங்கள்.